ஜெனரேட்டர் கட்சித் தலைவரின் ஜெனரேட்டர்

சனிக்கிழமை காலை பத்து மணி அடித்ததும் ஸ்கெல்பி மைதானத்தின் பின்வயலில் இருபத்து மூன்று ஜெனரேட்டர்கள் ஒன்றாக உறும வேண்டும். அன்று உறுமியவை இருபத்திரண்டுதான். மிச்சம் ஒன்றுக்குப் பதிலாக அதன் சொந்தக்காரர் உறுமினார்.

"திருட்டு! என் ஜெனரேட்டரைக் காணோம்!"

துப்பறிவாளர் ஹெஸ்டர் லம்லி தன் மோட்டார்ஹோமின், அதாவது சக்கரம் வைத்த வீட்டின், வாசலில் உட்கார்ந்து அவித்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே டிக்பி டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஹல் நகரத்தில் இருபது வருடம் பஸ் ஓட்டியவன், ஆறு வருடமாக லம்லிக்கு உதவியாளன். மைதானத்தைத் தாண்டி ஓர் ஆள் தங்களை நோக்கி ஓடி வருவதைப் பார்த்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"லீவுக்கு வந்த இடத்துலயும் கேஸு நம்மளை மோப்பம் பிடிச்சுட்டு வருது மேடம். முதல்ல நீங்க சோப்பை மாத்துங்க."

ஓடி வந்தவர் மோட்டார்ஹோம் சங்கத் தலைவர் ஓல்ட்ராய்ட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். முப்பது வருடம் மற்றவர்களின் பல்லைப் பிடுங்கியவர், இன்று தன்னுடையதையே யாரோ பிடுங்கிவிட்டது போன்ற முகத்தோடு நின்றார்.

"மிஸ் லம்லி, மாரிஸ் ஹார்க்னஸோட ஜெனரேட்டரை யாரோ தூக்கிட்டாங்க. போயும் போயும் இன்னைக்கு!"

இன்று என்ன விசேஷம் என்று லம்லி கேட்கவில்லை. புதன்கிழமை வந்ததிலிருந்து மைதானத்தில் வேறு பேச்சே இல்லை. நடுவில் ஒரு புதர்வேலி. இந்தப் பக்கம் முப்பது நீலக் கரண்ட் கம்பங்கள். அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் கம்பத்தில் ஒயரைச் செருகிவிட்டு டோஸ்ட் போடலாம், தலை உலர்த்தலாம், டிவி பார்க்கலாம். அந்தப் பக்கம் பின்வயல், கம்பமே கிடையாது. அங்கே நிற்கிறவர்களுக்கு அவரவர் ஜெனரேட்டர்தான் கதி. அதையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மதியம் இரண்டிலிருந்து நான்கு, இந்த நேரத்தில்தான் ஓட்டலாம். முதல் கூட்டத்துக்குக் கரண்ட் கட்சி, இரண்டாவதுக்கு ஜெனரேட்டர் கட்சி என்று பெயர். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரருக்கு ஜாம் பாட்டிலைக் கூட நகர்த்தித் தருவதில்லை.

"இரண்டு மணிக்கு எல்லா ஜெனரேட்டருக்கும் சத்தப் பரிசோதனை. நான் மீட்டர் கூட வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் ஓல்ட்ராய்ட். "நாலு மணிக்கு ஓட்டெடுப்பு. பின்வயல்லயும் கம்பம் நட்டு ஜெனரேட்டரையே தடை பண்றதா, வேண்டாமான்னு. இந்த நேரத்துல ஜெனரேட்டர் கட்சித் தலைவரோட ஜெனரேட்டரையே காணோம்னா? எடுத்தது மெம்பர்னா இன்னைக்கே சங்கத்தை விட்டு நீக்கியாகணும். யாருன்னு தெரியலைன்னா இருபத்து மூணு வண்டியும் சாயங்காலமே கிளம்பி வேற சங்கம் ஆரம்பிச்சிடுமாம். பத்தொன்பது வருஷச் சங்கம் மிஸ் லம்லி! என் கண் முன்னால ரெண்டா உடையப் போகுது."

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?" லம்லி முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கண்டுபிடிச்சா அந்தத் திருடன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்" என்றான் டிக்பி. "மூணு நாளா மதியம் ரெண்டு மணித் தூக்கம் போச்சு மேடம். அந்த மனுஷன் ஜெனரேட்டர் ஒரு பக்கம், நடுவுல குயில் ஒண்ணு வேற!"

*

மாரிஸ் ஹார்க்னஸின் வண்டி வேலியை ஒட்டினாற்போல் நின்றது. பக்கவாட்டில், சத்தம் வெளியே வராமல் இருக்க உள்ளே கம்பளம் ஒட்டிய மரப்பெட்டி. மூடி திறந்திருந்தது. பூட்டு ஒரு கீறல் கூட இல்லாமல் கொக்கியில் தொங்கியது. சுற்றிலும் ஜெனரேட்டர் கட்சியினர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

லம்லி பெட்டியை எட்டிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அறுபதை நெருங்கும் வயதையும் வெள்ளைக் கால்சட்டையையும் பொருட்படுத்தாமல், பெட்டியின் புகைத்துளைக்கு எதிரே புல்லில் குப்புறப் படுத்துவிட்டார்.

"மேயப் போறீங்கன்னா சொல்லுங்க மேடம், உப்பு மிளகு எடுத்துட்டு வரேன்."

"பக்கத்து வண்டி ஜெனரேட்டருக்கு முன்னால புல் எப்படி இருக்கு, பாரு."

"கருகி விசிறி மாதிரி கிடக்கு."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் அப்படித்தான்."

"இங்கே டெய்சி பூ எவ்வளவு அழகா பூத்திருக்கு!" லம்லி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு மாரிஸின் பக்கம் திரும்பினார். மாரிஸ் எழுபதைத் தொட்டவர். கம்பளி மீசை, தகரம் தட்டுவது போன்ற குரல். 'எங்களை எந்த ஒயரும் கட்டிப்போடாது' என்று அச்சடித்த சட்டையைத்தான் எப்போதும் அணிவார். இன்றும் அதுதான்.

"மிஸ்டர் ஹார்க்னஸ், உங்க ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்?"

"அது... தேவையான அளவு."

"எங்க சித்தப்பாகிட்ட பீரைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்" என்று டிக்பி முணுமுணுத்தான்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"யார் மேலயும் இல்ல."

"என்ன தலைவரே இப்படிச் சொல்றீங்க!" சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து குதித்தார். "அந்த பிம் அம்மாதான்! கரண்ட் கட்சிக்கு அவங்கதானே கொடி பிடிக்கிறாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் முதல் வண்டி அவங்களுது. ராத்திரி வந்து தூக்கிட்டுப் போயிருப்பாங்க!"

"சும்மா இருங்கப்பா" என்றார் மாரிஸ்.

இந்த மனிதர் சும்மா இருங்கள் என்று சொன்னதை அந்தக் கூட்டம் இதற்கு முன் கேட்டதே இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டிக்குள்ளிருந்து மாரிஸின் மனைவி ஐரிஸ் டீக்கோப்பைகளோடு இறங்கி வந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். திறந்த கதவு வழியே கட்டில் தலைமாட்டில் ஒரு சின்ன இயந்திரமும், அதிலிருந்து நீளும் குழாயும் முகமூடியும் தெரிந்தன.

"அது என்ன மிஸஸ் ஹார்க்னஸ்?"

"மூச்சு மெஷின். தூங்கும்போது எனக்கு மூச்சு நின்னு நின்னு வரும். அது ஓடலைன்னா விடியும்போது நான் ஐரிஸா இருக்க மாட்டேன், போட்டோவா இருப்பேன்." தானே சொல்லித் தானே சிரித்தார்.

"ராத்திரியில ஜெனரேட்டர் ஓடக்கூடாதே?"

"பேட்டரி!" என்று மாரிஸ் முந்திக்கொண்டார். "பகல்ல சார்ஜ் ஆகும், ராத்திரி அதுல ஓடும்."

ஐரிஸ் தன் கோப்பையில் ஏதோ விழுந்துவிட்டதைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ரோசாலின்ட் பிம் வேலியின் மறுபக்கத்தில் கடைசிக் கம்பத்தடியில் இருந்தார். முன்னாள் பள்ளித் தலைமையாசிரியை. வண்டியோடு சேர்த்துக் கட்டிய துணிக்கூடாரத்தில் இவர்களை உட்காரவைத்த விதத்திலேயே அது தெரிந்தது. டிக்பி அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"திருட்டைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. எலுமிச்சை கேக் எடுத்துக்கங்க."

தரை வரை தொங்கும் ரோஜாப்பூ விரிப்பு போட்ட குட்டை மேசை மேல் கேக் இருந்தது. டிக்பி மூன்றாவது துண்டை எடுக்கக் குனிந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உங்க மேசை ரொம்ப உறுதி மேடம்."

"பழைய காலத்து மேசை" என்று பிம் அம்மாள் சட்டென்று எழுந்து டீ போடப் போனார். காஸ் அடுப்பைப் பற்றவைத்துப் பழைய கெட்டிலை ஏற்றினார். அது கொதித்து விசிலடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

லம்லி அலமாரியைப் பார்த்தார். பளபளவென்று புத்தம் புதிய மின்சாரக் கெட்டில் ஒன்று அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது.

"அது ரிப்பேரா?"

"இல்லை. அதாவது, ஆமாம். காஸ்ல போட்டாத்தான் ருசி."

"கரண்ட் கட்சித் தலைவி காஸ்ல டீ போடறாங்கன்னா உலகம் அழியப் போகுதுன்னு அர்த்தம்" என்றான் டிக்பி, வெளியே வந்ததும். "மேடம், இந்த அம்மா பேச்சு சரியில்லை. ஆனா கேக் சரியா இருந்துச்சு. ரெண்டுல எதை நம்பறது?"

லம்லி நடந்துகொண்டே கேட்டார். "காலையில ஒரு குயிலைப் பத்திச் சொன்னியே."

"அதை ஏன் ஞாபகப்படுத்தறீங்க! ஹார்க்னஸ் ஜெனரேட்டர் ஆரம்பிச்சு சரியா பத்தாவது நிமிஷம், கண்ணு சொருகற நேரத்துல, குக்கூ குக்கூன்னு நாலு தடவை. புதன்கிழமை, வியாழக்கிழமை, நேத்து, மூணு நாளும் அதே. வாட்ச்சை வெச்சு நேரம் சரிபண்ணலாம்."

லம்லி நின்றுவிட்டார். "டிக்பி, இது என்ன மாசம்?"

"ஆகஸ்ட் கடைசி."

"இந்தக் குளிர்நாட்டுக் குயிலெல்லாம் ஜூலைக்குள்ள ஆப்பிரிக்காவுக்கு மூட்டை கட்டிடும். ஆகஸ்ட்ல எங்கேயிருந்துடா கூவும்?"

டிக்பி மரத்தை அண்ணாந்து பார்த்தான். "விசா நீட்டிச்சிருக்குமோ?"

"வசந்த காலத்துல யாரோ ஒரு ஜெனரேட்டர் சத்தத்தைப் பதிவு பண்ணியிருக்காங்க. பக்கத்து மரத்துல குயில் இருந்திருக்கு, அதுவும் சேர்ந்து பதிவாயிடுச்சு. மூணு நாளா நீ கேட்டது ஜெனரேட்டர் இல்லை, ஸ்பீக்கர். அதனாலதான் புல் கருகலை, பெட்டியில பெட்ரோல் வாசனை இல்லை, எவ்வளவு குடிக்கும்னு சொந்தக்காரருக்கே தெரியலை."

"அப்ப அந்த வண்டிக்குக் கரண்ட்டு?"

லம்லி பிம் அம்மாளின் கம்பத்துக்குப் பின்பக்கம் போய், வேலியோரம் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த காஞ்சொறிச் செடிகளைக் காட்டினார். "உள்ளே போய்ப் பாரு."

"நானா?"

"நான் ஏற்கெனவே புல்லுல படுத்துட்டேன். இப்ப உன் முறை."

டிக்பி உள்ளே போன பிறகு வந்த சத்தங்கள் எந்தப் பறவைக்கும் சொந்தமில்லாதவை. ஐந்து நிமிடம் கழித்து, இரண்டு கையும் தடித்துச் சிவந்து, மூக்கின் நுனியில் ஒரு கொப்புளத்தோடு வெளியே வந்தான்.

"கம்பத்தோட ரெண்டாவது பிளக்குலேர்ந்து ஒரு ஆரஞ்சு ஒயர் போகுது மேடம். வேலிக்கு அடியில நுழைஞ்சு நேரா ஹார்க்னஸ் வண்டிக்கு அடியில முடியுது. அடப்பாவி! எந்த ஒயரும் கட்டிப்போடாதுன்னு சட்டை போட்டுக்கிட்டுத் திருட்டுக் கரண்ட்டு!" திடீரென்று முழங்காலைத் தடவினான். தடவிய கை அப்படியே நின்றது. "மேடம்... அந்த மேசை..."

"கேக் எது மேல இருந்துச்சுன்னு உனக்கு எப்பத் தோணும்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

"ஜெனரேட்டர் மேல வெச்சா நான் மூணு துண்டு தின்னேன்! புரிஞ்சிடுச்சு. இவர் கரண்ட்டைத் திருடினாரு. அந்த அம்மா கண்டுபிடிச்சாங்க. பழிவாங்க ஜெனரேட்டரைத் தூக்கிட்டாங்க. கேஸ் முடிஞ்சது!"

"ஒரு கம்பத்துக்குப் பத்து ஆம்ப் கரண்ட்தான். ஹார்க்னஸ் வண்டியும் அதுலேர்ந்து இழுக்கும்போது மின்சாரக் கெட்டிலைப் போட்டா ட்ரிப் ஆகி ரெண்டு வண்டிக்கும் கரண்ட் போயிடும். அந்த அம்மா புதுக் கெட்டிலைத் தொடாம காஸ்ல பத்து நிமிஷம் காத்துக்கிட்டு நிக்கறாங்க. பழிவாங்க நினைக்கறவங்க யாராவது எதிரியோட கரண்ட் போகக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து டீ போடுவாங்களா?"

டிக்பி மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தான். அந்த யோசனை முடிவதற்குள் பிம் அம்மாளின் கூடாரத்திலிருந்து பெரும் கூச்சல் எழுந்தது.

*

சிவப்புத் தொப்பிக்காரர் லம்லிக்காகக் காத்திருக்கவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்து ரோஜாப்பூ விரிப்பை இழுத்துவிட்டார். லம்லியும் டிக்பியும் ஓடி வந்தபோது பாதி மைதானம் அங்கே கூடியிருந்தது. கேக் தரையில் கிடந்தது. சிவப்பு நிற ஜெனரேட்டர் அனைவர் முன்னாலும் வெட்டவெளிச்சமாக உட்கார்ந்திருந்தது.

"சொன்னேன்ல!" என்று தொப்பிக்காரர் கத்தினார். "நீக்குங்க இவங்களை!"

"நீக்கு! நீக்கு!" என்றது பின்வயல்.

"பொய்! நீங்களே கொண்டுவந்து வெச்சிருப்பீங்க!" என்றது கரண்ட் வரிசை.

ஓல்ட்ராய்ட் வியர்வையைத் துடைத்தார். "மிஸஸ் பிம், இது எப்படி இங்கே வந்துச்சு? தயவுசெஞ்சு சொல்லுங்க."

பிம் அம்மாள் கூட்டத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஐரிஸின் கையைப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்ற மாரிஸை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும் குரலில் சொன்னார்.

"நான்தான் எடுத்தேன்."

கரண்ட் வரிசை ஓரடி பின்வாங்கியது. பிம் அம்மாள் பதினாறு வருடமாக இந்தச் சங்கத்தில் இருப்பவர். கோடையில் வேறு எங்கும் போகாதவர். டிக்பி லம்லியின் காதில் கிசுகிசுத்தான். "மேடம், ஒயர் விஷயத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா இந்த அம்மாவை விரட்டிடுவாங்க."

"சொல்ல வேண்டியவர் நான் இல்லை." லம்லி முன்னால் வந்து குரலை உயர்த்தினார். "மிஸ்டர் ஓல்ட்ராய்ட், தீர்ப்புக்கு முன்னால ஒரு சின்ன வேலை. பொருள் சேதமாகாம இருக்கான்னு சொந்தக்காரர் ஒரு தடவை ஓட்டிக் காட்டட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

"நியாயம்!" என்றது கூட்டம். "வாங்க தலைவரே!" ஆளாளுக்கு முதுகைத் தட்டி மாரிஸை முன்னால் தள்ளினார்கள். அவர் ஜெனரேட்டர் முன்னால் மண்டியிட்டார். கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தார். லம்லி அவருக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"ஓடாதுன்னு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா உங்களுக்காக இந்த அம்மா பெட்டி கட்டப் போறாங்க."

மாரிஸ் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். அந்தத் தகரக் குரல் எங்கோ போயிருந்தது.

"இது ஓடாது. ரெண்டு வருஷமா ஓடலை. உள்ளே எல்லாம் இறுகிப்போச்சு."

"நீங்க கேட்டதெல்லாம் ஸ்பீக்கர். இது நின்னுபோன வாரமே ஒரு ராத்திரி பேட்டரி தீர்ந்துபோய் ஐரிஸோட மெஷின் நின்னுடுச்சு. நான் முழிச்சுப் பார்த்தப்ப அவ மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருந்தா. வேலியைத் தாண்டி ஓடி வந்து நான் தட்டின முதல் கதவு இவங்களுது. கட்சியெல்லாம் கேட்கலை. பிளக்கைக் காட்டினாங்க. அன்னையிலேர்ந்து இவங்க கரண்ட்டுலதான் எங்க வண்டி ஓடுது. இன்னைக்குச் சத்தப் பரிசோதனையில மாட்டிக்குவேனேன்னு, விடியக்காலையில நானும் இவங்களும்தான் இதைத் தூக்கிட்டு வந்தோம். திருட்டே நடக்கலை." சட்டையில் இருந்த எழுத்துகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். "உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். ஐரிஸ், உன்கிட்டயும்தான்."

ஐரிஸ் முன்னால் வந்தார். எல்லோரும் அவர் அழப்போகிறார் என்று நினைத்தார்கள்.

"மாரிஸ், அந்த ஸ்பீக்கருக்கு ரெண்டு வருஷமா யாரு சார்ஜ் போட்டாங்கன்னு நினைச்சே?"

மாரிஸ் திகைத்தார். "அது... நல்ல கம்பெனி ஸ்பீக்கர், தாங்குதுன்னு..."

"நீ ராத்திரி தூங்கினதும் தினம் நான்தான் சொருகி வைப்பேன். கட்சித் தலைவன் மானம் நடு வயல்ல நின்னுடக் கூடாதேன்னு!"

முதலில் சிரித்தது பிம் அம்மாள்தான். அதன் பிறகு யார் கரண்ட், யார் ஜெனரேட்டர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி மைதானமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் சமயம் பார்த்துப் பின்வயல்காரர் ஒருவர் கனைத்தார். தானும் வெள்ளிக்கிழமைகளில் மச்சான் வண்டிக் கம்பத்திலிருந்து கொஞ்சம் இழுப்பதுண்டு என்றார். இன்னொரு கை உயர்ந்தது. இன்னும் இரண்டு. கடைசியில், தலை குனிந்தபடி, சிவப்புத் தொப்பி.

"மேடம், கட்சியில மிச்சம் யாராவது இருக்காங்களா?" என்று டிக்பி கேட்டான்.

நான்கு மணி ஓட்டெடுப்பு ஏழு நிமிடத்தில் முடிந்தது. பின்வயலில் பன்னிரண்டு கம்பம் நடுவது. ஜெனரேட்டர்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு ஆற்றோர மூலை. யாரையும் நீக்குவதில்லை. எதிர்த்து ஒரு ஓட்டு கூட இல்லை. ஓல்ட்ராய்ட் தீர்மானத்தை இரண்டு தடவை வாசித்தார், தன் காதையே நம்பாமல்.

கூட்டம் கலைந்ததும் ஆரஞ்சு ஒயரைக் காஞ்சொறிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, எல்லோரும் பார்க்க முறையாகச் செருக வேண்டும் என்று பிம் அம்மாள் உத்தரவு போட்டார். மாரிஸ் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளியின் நடுவாக நடந்து வந்தார். வழிவிட்டு நின்றவர்களில் இரண்டு பேர் கை தட்டினார்கள். கம்பத்தின் மூடியைத் திறந்து, பிளக்கைப் பொருத்தி, இப்படித் திருகினார். அப்படித் திருகினார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். மாட்டவில்லை.

"ரெண்டு வருஷமா நீங்கதானே மாட்டறீங்க?" என்றான் டிக்பி.

"எல்லாம் இருட்டுல மாட்டினதுப்பா" என்றார் மாரிஸ் பரிதாபமாக. "வெளிச்சத்துல எனக்குக் கை வரலை."

பிறகு, ஏதோ தோன்றியவரைப் போல, நல்ல வெயிலில், அறுபது பேர் பார்க்க, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். விரல்கள் கம்பத்தைத் தடவின. துளையைக் கண்டுபிடித்தன. ஒரே திருகு. 'டக்' என்றது.